மண்சுவரும் முருகைக்கல்லும்

ஐம்பது திர்ஹம் தாளில் ஒரு கோட்டை இருந்தது. 1980களின் பிற்பகுதியில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன எம் போன்றவர்களுக்கு அந்தக் கோட்டை அறிமுகமானது அப்படித்தான். தாளின் ஒரு பக்கத்தில் நீண்ட கொம்புகளுடன் பாலைவன மான். மறுபக்கத்தில் மண்ணிறக் கோட்டை. நூறு திர்ஹம் தாளில் இன்னொரு கோட்டை, அது டுபாயினுடையது. ஆயிரம் திர்ஹம் தாளிலும் ஒன்று உண்டு, அபுதாபியினது. ஆனால் அந்தத் தாள் எமது கைகளில் தங்கியதில்லை. சம்பள நாளில் இந்தக் கோட்டைகளை எண்ணி எடுத்து, சாப்பாட்டுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை உண்டியல்காரரிடம் கொடுத்துவிடுவோம். ஊரில் அது வேறு காசாகி, அம்மாவின் கையிலோ, தம்பியை வெளியே அனுப்ப வந்த ஏஜென்சிக்காரரின் கையிலோ போய்ச் சேரும்.

அந்தக் கோட்டைகள் எங்கே இருக்கின்றன, யார் கட்டினார்கள், உள்ளே என்ன இருந்தது என்று நாம் அப்போது கேட்கவில்லை. கோட்டை என்றால் எமக்கு ஒன்றுதான். அது பண்ணைக் கடலோரம் இருந்தது. அதற்குள் ஆமி இருந்தது. அங்கிருந்து ஷெல் வரும். அதற்கு மேல் கோட்டையைப் பற்றி அறிய எமக்கு ஆசை இருக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்தே, தாளில் இருந்தது அல் ஐன் நகரத்து ஜாஹிலிக் கோட்டை என்று தெரிந்துகொண்டோம். ஒரு காலத்தில் வளைகுடாவின் இத்தகைய கோட்டைகளே அந்தச் சிற்றூர்களின் ஆயுதக் களஞ்சியங்களாகவும் இருந்தன. துவக்கும் வெடிமருந்தும் போனபின் அவை என்னவாயின என்பது, ஊரை விட்டு வந்த எமக்கும் சில செய்திகளைச் சொல்லும் கதை. அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

*

அல் ஐன் கடற்கரையில் இல்லை. அபுதாபியிலிருந்து உள்நாட்டுக்குள் ஏறக்குறைய 150 கிலோமீற்றர் போகவேண்டும். பேரீச்சந் தோப்புகள் நிறைந்த பாலைவனச் சோலை. மலையடியிலிருந்து நிலத்தடிக் கால்வாய்களில் வரும் தண்ணீர் தோப்புகளுக்குப் பாயும். அந்தக் கால்வாயை அவர்கள் பலஜ் என்பார்கள். பக்கத்தில் இருக்கும் புரைமி ஓமானுக்குச் சொந்தம். நாம் அங்கே இருந்த நாட்களில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போவதுபோல ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் போய்வரலாம். ஆனையிறவில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்று பழகிய எமக்கு, சோதனைச் சாவடி இல்லாத எல்லை நம்பமுடியாத விஷயமாக இருந்தது. பிறகு அங்கேயும் வேலி வந்துவிட்டது.

அபுதாபியை 1855 முதல் 1909 வரை ஆண்ட ஷேக் ஸாயித் பின் கலீபா, 1890களில் ஜாஹிலிக் கோட்டையைக் கட்டினார். கோடையில் வந்து தங்குவதற்கான வீடு அது. சோலையின் தண்ணீரும் தோப்பும் தம் அதிகாரத்துக்குள் வந்துவிட்டன என்பதற்கான அடையாளமும் அதுவே. வாசலுக்கு மேல் உள்ள கல்வெட்டு ஹிஜ்ரி 1316ஆம் ஆண்டைக் காட்டுகிறது. எமது கணக்கில் 1898-99. சதுர வடிவக் கோட்டை; மூலைகளில் வட்டக் கொத்தளங்கள். அதிலிருந்து தள்டி, தனியே ஒரு வட்டக் கோபுரம் நான்கு அடுக்குகளாக, மேலே போகப்போகச் சிறுத்து எழுகிறது. அல் ஐனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பது அந்தக் கோபுரத்தைத்தான்.

கட்டியது மண்ணால். மண்ணையும் வைக்கோலையும் தண்ணீர்விட்டுக் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த சுடாத கல். அதே சேறுதான் சாந்து, அதுவே பூச்சு. கூரைக்குப் பேரீச்ச மரத்தின் தண்டு, அதன்மேல் ஓலைப்பாய், பாயின்மேல் மண். மழைத்தண்ணீர் சுவரில் வழிந்தால் சுவர் கரைந்துவிடும் என்பதற்காக, தள்ளி விழும்படி மரப் பீலிகள். அடியில் பருத்து மேலே மெலியும் சுவர்கள், கோடையில் வெயிலையும் பனிக்காலத்து இரவில் குளிரையும் உள்ளே விடுவதில்லை.

இதை வாசிக்கும்போது எமது ஊர் மண்வீடுகள் ஞாபகத்துக்கு வராமல் இராது. மண்சுவருக்கு ஆள் வேண்டும். மாரி முடிந்ததும் கரைந்த இடத்தில் மண் வைத்துப் பூசவேண்டும், நிலத்தை மெழுகவேண்டும். இரண்டு மூன்று மாரிக்கு ஒருவரும் திரும்பிப் பாராவிட்டால் வீடு மேடாகிவிடும். கோட்டையென்றாலும் இதே விதிதான். ஷேக்கின் கோட்டை நூறு ஆண்டு நின்றதென்றால், நூறு முறையாவது யாரோ ஏணி வைத்து ஏறிப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

*

கரையோரக் கோட்டைகள் வேறு வகை. அவற்றின் கல் கடலிலிருந்து வந்தது. நாம் முருகைக்கல் என்று சொல்வதுதான் அது. 1787இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் டுபாயின் அல் பஹீதிக் கோட்டை, முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது. ஆள்பவரின் வீடு, காவற்படையின் தங்குமிடம், சிறைச்சாலை, ஆயுதக் கிடங்கு என்று அது பலவாகவும் இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பழைய வீட்டுச் சுவரை இடித்துப் பார்த்தவர்களுக்கு, சிப்பியும் துவாரமுமாக இருக்கும் அந்தக் கல்லைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கூரைக்கு மரம் வளைகுடாவில் இல்லை. கிழக்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து கண்டல் மரக் கம்புகளைப் பாய்க்கப்பலில் ஏற்றிவந்தார்கள். அந்தக் கம்பின் நீளம்தான் அறையின் அகலம். ஆகவே ஷேக்கின் வரவேற்பு அறையானாலும் சரி, வெடிமருந்து வைக்கும் அறையானாலும் சரி, மூன்று நான்கு மீற்றருக்கு மேல் அகலம் கிடையாது; நீளத்தை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். எமது ஊரில் பனஞ்சலாகையின் கணக்கில் வீடு கட்டியதைப் போலத்தான். எந்த ஊரிலும் வீட்டின் அளவை முதலில் தீர்மானிப்பது மரம். அதற்குப் பிறகுதான் மனிதன்.

கட்டாரின் ஸுபாராக் கோட்டையில் இந்த வகைக் கட்டிடத்தை முழுமையாகப் பார்க்கலாம். 1938இல் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் கரையோரக் காவலுக்காக அதைக் கட்டுவித்தார். மூன்று மூலைகளில் வட்டக் கொத்தளம், நான்காவதில் சதுரக் கொத்தளம். சுவரில் துவக்குக்கான துவாரங்கள் சரிவாக வெட்டப்பட்டுள்ளன. சதுரக் கொத்தளத்தின் மேல்பகுதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் அடிப்பக்கத் துவாரத்தின் வழியாக, சுவரின் காலடிக்கு வந்துவிட்ட பகைவனை நேர் மேலிருந்து சுடலாம். 1980களின் நடுப்பகுதி வரை அங்கே படையினரும் காவலரும் இருந்தார்கள். 1987இல் நூதனசாலையானது. 2013இல் யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஆயுதக் களஞ்சியம் என்ற பெயருக்கு முழுமையாகப் பொருந்துவது ரியாத்தின் மஸ்மக். 1865ஐ ஒட்டி மண்ணால் எழுந்த கோட்டை, நான்கு கொத்தளங்கள். 1902 ஜனவரியில் அப்துல் அஸீஸ் இப்னு சவூத் சிறு கூட்டத்துடன் வந்து அதைப் பிடித்தார். பெரிய கதவின் நடுவில் ஒருவர் குனிந்து நுழையக்கூடிய சிறு கதவு இருக்கிறது. அந்தச் சண்டை நடந்தது அதன் முன்னால். அப்போது எறியப்பட்ட ஈட்டியின் முனை இன்றும் மரத்தில் குத்தியபடி இருப்பதாகக் காட்டுகிறார்கள். அதன்பின் 1938 வரை மஸ்மக் அந்த அரசின் வெடிமருந்துக் கிடங்கு. சவூதி அரேபியா என்ற நாடு உருவான காலம் முழுவதும் அதன் துவக்கும் குண்டும் அந்த மண்சுவருக்குள் இருந்திருக்கின்றன. 1995இல் அதுவும் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

இந்தக் கோட்டைகள் எல்லாம் எதற்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டே கட்டப்பட்டவை. ஒட்டகத்தில் வரும் கூட்டத்தின் துவக்குச் சூட்டுக்குத் தாங்கும். கப்பலில் வரும் பீரங்கிக்குத் தாங்காது. 1819 டிசம்பரில் பம்பாயிலிருந்து வந்த பிரித்தானியக் கடற்படை ராஸ் அல் கைமாவைத் தாக்கிக் கோட்டைகளை இடித்தது. அந்தக் கப்பல்களில் வெள்ளையரோடு பம்பாய்ப் படையின் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். எமது துணைக்கண்டத்து ஆட்கள் வளைகுடாவுக்கு முதன்முதலில் கூலிக்குப் போனது கட்டிடம் கட்ட அல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1921 ஜனவரியில் அஜ்மான் கோட்டைமீது குரோக்கஸ், சைக்கிளமன் என்ற இரண்டு கப்பல்கள் குண்டு பொழிந்தன. ஒரு கொத்தளம் தகர்ந்தது, மற்றது பலத்த சேதமடைந்தது. இரண்டு கப்பல்களுக்கும் பூக்களின் பெயர்.

*

கோட்டைக்குள் துவக்கு எப்படி வந்தது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைகுடாவின் பெரிய ஆயுதச் சந்தை மஸ்கட். மஸ்கட் சுல்தானின் சுதந்திரத்தை மதிப்பதாகப் பிரான்சும் பிரித்தானியாவும் 1862இல் கூட்டாக அறிவித்திருந்தன. அதனால் பிரெஞ்சு வியாபாரிகள் அங்கே துவக்கு விற்பதைப் பிரித்தானியரால் நேரடியாகத் தடுக்க முடியவில்லை. ஐரோப்பாவில் பழசாகிப்போன மார்ட்டினி-ஹென்றித் துவக்குகள் மஸ்கட்டில் இறங்கி, பாய்க்கப்பலில் மக்ரான் கரைக்குப் போய், ஆப்கானிஸ்தானுக்கும் இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் சென்றன. அங்கே பிரித்தானியருக்கு எதிராகவே வெடித்தன. இதைத் தடுக்கக் கடற்படை கடலில் காவல் போட்டது.

அந்தக் காவலின் விளைவுதான் டுபாயில் 1910 டிசம்பர் 24 அன்று நடந்தது. ஹையசிந்த் என்ற கப்பலிலிருந்து இறங்கிய படையினர் ஒளித்துவைத்த துவக்குகளைத் தேடி வீடுகளுக்குள் புகுந்தனர். ஊர் எதிர்த்தது. டுபாய்த் தரப்பில் 37 பேர் இறந்தனர். பிறகு பிரித்தானியர் கேட்ட தண்டம் 50,000 ரூபாயும் 400 துவக்குகளும். துவக்கைத் தேடி வீட்டுக்குள் புகுவது, எதிர்த்தால் சுடுவது, பிறகு இத்தனை துவக்கு கொண்டுவந்து ஒப்படை என்று ஊருக்கே தண்டம் விதிப்பது: சுற்றிவளைப்புகளைக் கண்ட எமக்கு இதில் விளங்காதது ஒன்றும் இல்லை.

1912இல் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மஸ்கட்டில் இறங்கும் ஆயுதம் எல்லாம் சுல்தான் பைசல் பின் துர்க்கியின் ஒரே களஞ்சியத்தில் வைக்கப்படவேண்டும். அனுமதி இல்லாமல் ஒன்றும் வெளியே போகக்கூடாது. இதனால் சுல்தானுக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு ஆண்டுதோறும் ஒரு இலட்சம் ரூபாய். கடலில் கப்பல்கள் பல ஆண்டுகள் அலைந்தும் முடியாததை ஒரு களஞ்சியத்தின் திறப்பு முடித்துவைத்தது. முதலாம் உலகப்போர் தொடங்கும்போது அந்த வியாபாரம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஆயுதம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அந்த அறையின் திறப்பு யாரின் இடுப்பில் தொங்குகிறது என்பதே அரசியல்.

*

ஜாஹிலியின் திறப்பும் கைமாறியது. 1951இல் பிரித்தானியர் ஷார்ஜாவில் ஒரு சிறு படையை அமைத்தார்கள். ட்ரூஷியல் ஓமான் லெவீஸ் என்று பெயர். 1956இல் ட்ரூஷியல் ஓமான் ஸ்கவுட்ஸ் என்று மாறியது. அதிகாரிகள் வெள்ளையர்; வீரர்கள் பெரும்பாலும் அரபியர். பழங்குடிகளுக்கிடையே சமாதானம் காப்பது, அடிமை வியாபாரத்தைத் தடுப்பது என்பன வெளியே சொன்ன காரணங்கள். நிலத்துக்கடியில் எண்ணெய் இருக்கலாம் என்பதும், தேடப்போகிறவர்களுக்குக் காவல் வேண்டும் என்பதும் இன்னொரு காரணம்.

1952 ஆகஸ்டின் இறுதியில் சவூதியின் ஆட்கள் புரைமிச் சோலையின் ஹமாஸா கிராமத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று ஆண்டு இழுபறி. ஜெனீவாவில் நடந்த சமரச விசாரணை 1955இல் முறிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று லெவீஸ் படை சோலையைக் கைப்பற்றியது. இந்தக் காலத்தில்தான் ஜாஹிலி படைத்தளமாகியது. ஷேக்கின் கோடை வீட்டைச் சுற்றிப் படையினரின் குடியிருப்புகள் எழுந்தன. நீண்ட முற்றம், அதைச் சூழ்ந்த மதில் என்று இன்று நாம் காணும் பரப்பு பெரும்பாலும் படையினர் வந்தபின் விரிந்தது. ஆள்பவரின் பத்துப் பதினைந்து துவக்குகள் சுவரில் தொங்கிய இடத்தில், எண் போட்டு, பதிவேட்டில் எழுதி, கையொப்பம் வாங்கிக் கொடுக்கும் படை ஆயுதம் வந்தது. கோட்டை முகாமாக மாறியது இப்படித்தான்.

1971 டிசம்பரில் ஐக்கிய அரபு இராச்சியம் உருவானபோது அந்தப் படை புதிய நாட்டின் பாதுகாப்புப் படையாக மாறியது. முகாம்கள் வேறு இடங்களுக்குப் போயின. ஜாஹிலி பழுதுபட்டு, பிறகு திருத்தப்பட்டு, 2007-08இல் மீண்டும் முழுமையாகச் செப்பனிடப்பட்டது. அந்த வேலையைச் செய்த ஜெர்மன் கட்டிடக் கலைஞர்கள் பழைய முறையிலேயே மண்ணைப் பயன்படுத்தினார்கள். குளிரூட்டும் தண்ணீர்க் குழாய்களை மண்பூச்சுக்குள்ளேயே பதித்தார்கள். சுவரே அறையைக் குளிர்விக்கும். 2011இல் அல் ஐனின் பண்பாட்டு இடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

படையினர் இருந்த பகுதியில் இப்போது வில்பிரட் தெசிஜர் எடுத்த படங்கள் மாட்டப்பட்டுள்ளன. 1940களின் பிற்பகுதியில் ஒட்டகத்தில் இருமுறை வெறும்பாலையைக் கடந்த ஆங்கிலேயர் அவர். படங்கள் நல்லவை, பதுவிகளின் முகங்கள் அவற்றில் வாழ்கின்றன. ஆனால் கல் வார்த்தவன், மண் குழைத்தவன், பேரீச்சந்தண்டு சுமந்தவன் ஆகியோரின் பெயர்களை எந்தக் கோட்டையின் சுவரிலும் நாம் காணவில்லை. வளைகுடாவில் கட்டிட வேலைக்குச் சென்ற எவருக்கும் இது புதினமல்ல. நாம் கட்டிய கட்டிடங்களிலும் எமது பெயர் இல்லை.

*

இந்த இடத்தில் எமது கோட்டைக்கு வரவேண்டியிருக்கிறது. வளைகுடாவையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். மஸ்கட்டில் மிரானி, ஜலாலி என்ற கோட்டைகளை 1580களின் இறுதியில் கட்டியவர்களும், 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கோட்டை கட்டியவர்களும் கோவாவிலிருந்த ஒரே ஆளுநரின் கீழ் இருந்தவர்கள். அந்த வலை ஏறக்குறைய ஒரே காலத்தில் அறுந்தது. 1650இல் மஸ்கட் போயிற்று, 1656இல் கொழும்பு, 1658 ஜூனில் யாழ்ப்பாணம்.

மஸ்கட் போன கதையை ஓமானிய வரலாற்றாசிரியர் இப்னு ருஸைக் எழுதிவைத்திருக்கிறார். அங்கிருந்த நரோத்தம் என்ற இந்து வியாபாரியின் மகளைப் போர்த்துக்கேயத் தளபதி கேட்டு வற்புறுத்தினானாம். வியாபாரி இணங்குவதுபோலக் காட்டித் தவணை வாங்கினார். கோட்டையில் உள்ள தண்ணீரும் தானியமும் வெடிமருந்தும் பழசாகிவிட்டன, புதிதாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லி எல்லாவற்றையும் வெளியே எடுப்பித்தார். பிறகு இமாமின் ஆட்களுக்குச் சொல்லியனுப்பினார். வெறுங் களஞ்சியத்தோடு நின்ற கோட்டை விழுந்தது. இது எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று பிரித்தறிவது கடினம். ஆனால் கதை சொன்னவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது: கோட்டையின் உயிர் சுவரில் இல்லை, களஞ்சியத்தில் இருக்கிறது.

மஸ்கட்டில் போர்த்துக்கேயரை வெளியேற்றியவர் அந்த மண்ணின் இமாம் சுல்தான் பின் சைப். அவரே உள்நாட்டில் நிஸ்வாவின் பெரும் வட்டக் கோட்டையையும் கட்டினார். வாசற்படிகளுக்கு மேலே கொதிக்கும் பேரீச்சம்பாகு ஊற்றத் துவாரங்கள் விட்ட கோட்டை அது. யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயரை வெளியேற்றியவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் சதுரக் கோட்டையை இடித்து, 1680 அளவில் ஐந்துமுனைக் கோட்டையை முருகைக்கல்லால் எழுப்பினார்கள். அகழிக்கு அப்பாலுள்ள வெளிக்காப்பு வேலைகள் 1792இல்தான் முடிந்தன. மூன்று ஆண்டுகளில், 1795இல், அதைப் பிரித்தானியருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய கோட்டை ஒருமுறையும் அந்நியப் படையோடு மூர்க்கமாகப் பொருதவில்லை.

அது பொருதியது எமது காலத்தில், எம்மோடு. 1980களின் நடுப்பகுதியில் ஆமி அதற்குள் முடங்கியபோது அங்கிருந்து வந்த ஷெல் நகருக்குள் விழுந்தது. 1990 ஜூனில் தொடங்கிய முற்றுகை செப்டம்பர் 26 அன்று படையினர் வெளியேறியபோது முடிந்தது. 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் உட்பட உள்ளே இருந்தவை போரில் அழிந்தன. அதே நாட்களில்தான், ஆகஸ்ட் 2 அன்று, ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. குவைத்தில் வேலை செய்த எம்மவர்கள் உடுத்த உடுப்போடு ஜோர்தானுக்கு ஓடினார்கள். நாம் காம்பில் ஒரே றேடியோவைச் சுற்றி இருந்து, தமிழோசையில் முதலில் ஊர்ச் செய்தி வருமா, குவைத்துச் செய்தி வருமா என்று காத்திருந்தோம். ஊருக்குப் போகவும் வழியில்லை. இருக்கும் இடமும் நிலைக்குமோ தெரியாது. கையில் இருந்த தாளில் மட்டும் கோட்டை அசையாமல் நின்றது.

வளைகுடாக் கோட்டைகளைப் புகழ்வது எமது நோக்கமல்ல. அவற்றிலும் சிறை இருந்தது. ஊரை அடக்கிய துவக்கு இருந்தது. ஆனால் துவக்கு வெளியே போனபின் கதவு ஊர்ப் பிள்ளைகளுக்குத் திறந்தது. எமது கோட்டையில் போர்த்துக்கேயர் தொடங்கி இன்றுவரை பீரங்கியின் வாய் கடலைப் பார்த்ததைவிட ஊரைப் பார்த்ததே அதிகம். அதைத் திருத்தும் வேலைகள் போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியோடு நடந்தன. இப்போது மாலையில் சனங்கள் மதிலில் ஏறிக் காற்று வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதைத் தம்முடையது என்று சொல்ல ஊருக்கு இன்னும் நாக்கு வரவில்லை.

*

இறுதியாக ஷார்ஜாவின் கதை ஒன்று. அங்கே ஊர் நடுவில் இருந்த அல் ஹிஸ்ன் கோட்டையை 1970ஐ ஒட்டி இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது கெய்ரோவில் படித்துக்கொண்டிருந்த ஷேக் சுல்தான் பின் முஹம்மத் செய்தி கேட்டு ஓடிவந்தார். அதற்குள் ஒரு கொத்தளத்தைத் தவிர மற்றதெல்லாம் போய்விட்டது. அவர் இடிபாட்டுக்குள் நின்று அத்திவாரத்தை அளந்து குறித்துக்கொண்டார். கதவுகளையும் ஜன்னல்களையும் பத்திரப்படுத்தினார். 1972இல் அவரே ஷார்ஜாவின் ஆட்சியாளரானார். 1990களின் நடுப்பகுதியில், அந்த அளவுகளையும் பழைய படங்களையும் முதியோரின் ஞாபகத்தையும் வைத்து, கோட்டை அதே இடத்தில் மீண்டும் எழுந்தது.

அவர் ஷேக், காசும் அதிகாரமும் இருந்தது, செய்தார் என்று சொல்லலாம். உண்மை. ஆனால் இடிபாட்டில் நின்று அளவெடுத்த நாளில் அவர் ஒரு மாணவர். அன்று அவர் கையில் இருந்தது அளவு நாடாவும் கொப்பியும்தான்.

யாழ்ப்பாணக் கோட்டையின் அளவுகள் பத்திரமாக இருக்கின்றன. ஒல்லாந்தர் வரைந்துவைத்தார்கள், 1984இல் டபிள்யூ. ஏ. நெல்சன் இலங்கையின் ஒல்லாந்தர் கோட்டைகளைப் பற்றி நூலே எழுதினார். எமது வீடுகளின் அளவுகள் யாரிடம் இருக்கின்றன? 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2010களில் பகுதி பகுதியாகத் திறந்துவிட்டபோது திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது பற்றைக்காடு. வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. தம் காணியை அவர்கள் அடையாளம் கண்டது கிணற்றை வைத்து. கிணற்றை இடித்து மூடுவதற்கு நேரம் எடுக்கும்; அதனால் பல இடங்களில் அது மட்டும் எஞ்சியிருந்தது.

ஆகவே எமது வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். பிரான்சிலோ, கனடாவிலோ, இன்னும் வளைகுடாவிலோ இருக்கும் உங்கள் வீட்டில், ஊரை அறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருங்கள். கிணற்றிலிருந்து குசினிக்கு எத்தனை அடி, தலைவாசலில் எத்தனை தூண், வளை எந்த மரம், வாசிகசாலை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, மடத்துக்கு முன்னால் என்ன மரம் என்று கேட்டு எழுதுங்கள். வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள். காணி உறுதியில் எல்லை இருக்கும். அறையின் அகலம் இராது. அது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.